'நெட் ஸ்லோ' என்றால் எங்கே ஸ்லோ? பாக்கெட்டைத் தொடாமல் தாமதம் அளக்கும்போது வரும் கோளாறுகள்

பிங் அடித்தால் 12 மில்லி விநாடி என்கிறது. ஆபீசில் இருப்பவர்களோ பக்கமே திறக்கவில்லை என்கிறார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். பிங் என்பது நாமே தனியாக அனுப்பிப் பார்க்கும் பாக்கெட், அதாவது சின்னத் தரவுத் துண்டு. ரவுட்டர்கள் தங்கள் பெயருக்கு வரும் பிங்குக்குக் கடைசி இடம்தான் கொடுக்கும். அளவுக்கு மேல் வந்தால் பதிலே சொல்லாது. சில நெட்வொர்க்குகளில் நேர்மாறாக அதற்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும். எப்படியானாலும், பயனரின் டிசிபி (வலைப்பக்கம் முதலானவற்றைச் சுமக்கும் இணைப்பு முறை) பாக்கெட் பட்ட பாட்டை அது சொல்லப்போவதில்லை. அதனால்தான் பயனரின் பாக்கெட்டுகளையே ஓரமாக நின்று பார்த்து, ஒன்று போனதற்கும் அதற்கான ஏக் (வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை) திரும்பியதற்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுகிறோம். நம் பங்குக்கு லைனில் ஒரு பாக்கெட்கூடப் போடுவதில்லை.

கருவிகள் எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தான்: பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப், வயர்ஷார்க், அதன் கமாண்ட் லைன் வடிவமான டிஷார்க், ஓடும் பாக்கெட்டுகளைப் பார்த்தே தாமதம் கணக்கிட கேத்லீன் நிக்கல்ஸ் எழுதிய பிபிங், அதே வேலையை இபிபிஎஃப் என்ற வசதி மூலம் கெர்னலுக்குள்ளேயே (லினக்ஸின் மையப்பகுதி) செய்யும் இ-பிபிங், இணைப்புகளின் நிலவரம் காட்ட லினக்ஸில் ஏற்கெனவே இருக்கும் எஸ்எஸ். நிறுவுவதில் பெரிய தலைவலி இல்லை. எண் வந்த பிறகுதான் தலைவலி. அந்த எண் எதை அளந்தது என்று தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு லைன் கொடுத்த கம்பெனியோடு சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய.

முதலில், எங்கே நின்று பார்க்கிறீர்கள்?

ஓர் ஆபீசின் கேட்வேயில் (ஆபீஸ் நெட்வொர்க் வெளியுலகோடு சேரும் இடம்), உள்பக்க இன்டர்ஃபேஸில் கேப்சர் (பாக்கெட் பதிவு) எடுப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே வைஃபையில் ஒரு லேப்டாப், வெளியே எங்கோ ஒரு சர்வர். ஒரு மாதிரி வரிசை, நேரம் விநாடியில் (சின் என்பது இணைப்புக்கான அழைப்பு, சின்-ஏக் அதற்கான பதில்):

0.0000 லேப்டாப்பின் சின்
0.0341 சர்வரின் சின்-ஏக்
0.0362 லேப்டாப்பின் ஏக்
0.0365 லேப்டாப்பின் கோரிக்கை
0.0709 சர்வரின் வெறும் ஏக்
0.3120 சர்வர் அனுப்பும் பதிலின் முதல் பாக்கெட்

சின்னுக்கும் சின்-ஏக்குக்கும் இடையே 34.1 மில்லி விநாடி. இது கேட்வேயிலிருந்து சர்வர் வரை போய்த் திரும்பிய நேரம், சுருக்கமாக ஆர்டிடி. சின்-ஏக்குக்கும் ஏக்குக்கும் இடையே 2.1, இது கேட்வேக்கும் லேப்டாப்புக்கும் நடுவே, அதாவது வைஃபை. இரண்டையும் கூட்டினால் 36.2. வயர்ஷார்க் ஐஆர்டிடி (தொடக்க ஆர்டிடி) என்று காட்டுவது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். கடைசி இரண்டு வரிகளுக்கு நடுவில் 241 மில்லி விநாடி இருக்கிறதே, அது நெட்வொர்க்கே இல்லை. கோரிக்கை வந்து சேர்ந்துவிட்டது என்று சர்வரின் கெர்னல் 0.0709-லேயே ஒப்புக்கொண்டுவிட்டது; அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அப்ளிகேஷன் யோசித்த நேரம், டேட்டாபேஸ் தேடிய நேரம்.

இதே கேப்சரை லேப்டாப்பிலேயே எடுத்திருந்தால் 36 சொச்சம் முழுசாக ஒரே பக்கம் விழும், மறுபக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். சர்வரில் எடுத்தால் அப்படியே தலைகீழ். நடுவில் நின்றால்தான் உள்ளே, வெளியே என்று பிரித்துப் பார்க்க முடியும். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இந்த ஒன்றைக் கவனிக்காததால் வருபவை.

கேப்சர் எடுப்பதற்கு உரிய அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் உள்ளடக்கத்தைச் சேமிக்காதீர்கள். தாமதத்துக்குத் தலைப்பகுதி மட்டும் போதும். ஈத்தர்நெட் 14 பைட், விலான் டேக் (ஒரே ஸ்விட்சில் நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் அடையாளம்) 4, ஐபி ஆறு என்றால் 40, டிசிபி அதிகபட்சம் 60, மொத்தம் 118. ஆக, டிசிபிடம்ப்பில் மைனஸ் எஸ் 128 என்று கொடுத்தால் பெரும்பாலும் கணக்கு முடிந்தது. டிஸ்க்கும் நிறையாது, அடுத்தவர் கடிதத்தைப் படித்த பாவமும் சேராது.

அறிகுறி: பிபிங் ஓடுகிறது, ஒரு வரிகூட வரவில்லை

ஃபில்டர் எதுவும் போடாமல், டிசிபிடம்ப்பை மைனஸ் ஈ, மைனஸ் சி 20 என்று ஓட்டி இருபது பாக்கெட்டைக் கண்ணால் பாருங்கள். மைனஸ் ஈ கொடுத்தால் ஈத்தர்நெட் தலைப்பும் தெரியும். அங்கே விலான் டேக் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 'டிசிபி' என்று மட்டும் எழுதிய ஃபில்டர், ஐபி இருக்க வேண்டிய இடத்தில் டேக் இருப்பதைப் பார்த்துப் பாக்கெட்டைக் கழித்துவிடும். 'விலான் அண்ட் டிசிபி' என்று எழுத வேண்டும். கொடுமை என்னவென்றால், சில நெட்வொர்க் கார்டுகள் டேக்கைத் தாமே கழற்றிவிட்டுத்தான் மேலே அனுப்பும். அந்த மெஷினில் வெறும் 'டிசிபி' ஃபில்டரே வேலை செய்யும். ஒரு சர்வரில் சரியாக ஓடிய ஸ்கிரிப்ட் அடுத்த சர்வரில் மௌனம் சாதிக்க இதுவே காரணம். இன்னொன்று: 'விலான்' என்ற சொல்லுக்கு வலப்பக்கம் உள்ள ஃபில்டர் முழுவதும் டேக் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். ஆகவே இரண்டு வகையும் வேண்டுமென்றால் 'டிசிபி ஆர் (விலான் அண்ட் டிசிபி)' என்று அடைப்புக்குறியோடு இதே வரிசைதான், மாற்றிப் போட்டால் பலிக்காது. பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) லைனின் வெளிப்பக்கம் கேப்சர் எடுத்தாலும் இதே கதை. அங்கே 'பிபிபிஓஇஎஸ் அண்ட் டிசிபி'.

டேக் இல்லை, பாக்கெட்டுகளும் வருகின்றன என்றால், இரண்டு திசையும் வருகிறதா என்று பாருங்கள். ஸ்விட்சில் மிர்ரர் போர்ட் (இன்னொரு போர்ட்டின் டிராஃபிக்கை நகலெடுத்துத் தருவது) வைக்கும்போது உள்வரும் திசையை மட்டும் தேர்ந்தெடுத்துவிடுவது சகஜம். இரண்டு லைன் வைத்திருக்கும் இடங்களில் போகும் பாக்கெட் ஒரு லைனிலும் திரும்பும் பாக்கெட் இன்னொரு லைனிலும் வரலாம். ஒரு பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டு போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிட எந்தக் கருவியாலும் முடியாது.

இரண்டு திசையும் இருக்கிறதா? அப்படியானால் சின் பாக்கெட்டின் ஆப்ஷன் பகுதியைத் திறந்து டைம்ஸ்டாம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். பிபிங் ஏக் எண்ணை நம்பி ஓடுவதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புபவர் போடும் டிஎஸ்வேல், அதை எதிர்ப்பக்கம் திருப்பிச் சொல்லும் டிஎஸ்இசிஆர், இந்த இரண்டையும் பொருத்தித்தான் கணக்கிடுகிறது. 1992-இல் வந்து, 2014-இல் ஆர்எஃப்சி 7323 ஆகப் புதுப்பிக்கப்பட்ட ஏற்பாடு இது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கருவிகள் பொதுவாக அனுப்பும். விண்டோஸ் கணினிகள் நெடுங்காலமாகத் தாமாக அதைக் கேட்பதில்லை. ஆபீஸ் முழுக்க விண்டோஸ் என்றால் பிபிங் வாயைத் திறக்காததில் ஆச்சரியமில்லை. அங்கே ஏக் எண்ணை வைத்துக் கணக்கிடும் டிஷார்க் பக்கம் போய்விடுங்கள்.

டிசிபிடம்ப்பின் வெளியீட்டைப் பைப் வழியாக வேறு நிரலுக்கு அனுப்புகிறீர்கள், வரிகள் நிமிடக்கணக்கில் தாமதித்துக் கொத்தாக விழுகின்றன என்றால் அது வெறும் பஃபர் விஷயம். மைனஸ் பெரிய யு சேருங்கள், போதும்.

அறிகுறி: எண்ணெல்லாம் 40-இலோ 200-இலோ போய்க் குவிகிறது

நெட்வொர்க் தாமதம் இப்படி அச்சடித்த மாதிரி ஒரே எண்ணில் நிற்காது. 40 என்றால் எதிர்முனை பெரும்பாலும் லினக்ஸ், 200 என்றால் அநேகமாகப் பழைய விண்டோஸ் அல்லது வேறு பழைய டிசிபி அடுக்கு. நீங்கள் பார்ப்பது டிலேய்ட் ஏக். பெறுபவர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாக ஏக் அனுப்பாமல், அடுத்தது வருகிறதா, அல்லது நாமே அனுப்ப டேட்டா இருக்கிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறார். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு குறைந்தது 40 மில்லி விநாடி, கூடினால் 200 வரை. விதிப்படி 500-ஐத் தாண்டக் கூடாது.

இதைத் தாண்டுவதற்கு எளிய வழி சராசரியைப் பார்க்காமல் இருப்பது. ஒவ்வொரு இணைப்புக்கும் குறைந்தபட்ச ஆர்டிடியை எடுங்கள். தொடர்ந்து டேட்டா ஓடும்போது முழு அளவு பாக்கெட் இரண்டு வந்ததும் பெறுபவர் ஏக் அனுப்பியாக வேண்டும், அங்கே காத்திருப்பு இருக்காது. கடைசியில் ஒற்றையாக எஞ்சும் சின்ன பாக்கெட்தான் 40 காட்டும். அதைக் கணக்கில் சேர்த்தால் நல்ல லைன்கூடக் கெட்ட பெயர் வாங்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த 40 எப்போதும் அளவின் பிழை மட்டுமல்ல. அப்ளிகேஷன் ஒரு கோரிக்கையைத் தலைப்பு தனி, உடல் தனி என இரண்டு சின்னத் துண்டாக எழுதினால், முதல் துண்டுக்கு ஏக் வரும்வரை இரண்டாவதை அனுப்பாமல் நிறுத்தி வைக்கும் நேகல் முறை. 1984-இல் வந்தது. எதிர்ப்பக்கமோ இரண்டாவது துண்டுக்காகக் காத்து ஏக்கை நிறுத்தி வைக்கும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு 40 மில்லி விநாடி சும்மா நிற்பார்கள். கேப்சரில் இது பளிச்சென்று தெரியும்: சின்ன பாக்கெட், 40 இடைவெளி, வெறும் ஏக், உடனே அடுத்த சின்ன பாக்கெட். இந்த வரிசை கண்ணில் பட்டால் பயனருக்கும் நிஜமாகவே தாமதம்தான். தீர்வு நெட்வொர்க்கில் இல்லை. நிரலாளர் அந்த இணைப்பில் டிசிபி நோடிலே (நேகலை அணைக்கும் ஆப்ஷன்) போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு துண்டையும் சேர்த்து ஒரே தடவையில் எழுத வேண்டும்.

அறிகுறி: பிபிங்கில் திடீரென்று 3 விநாடி, 15 விநாடி என்று எண்கள்

பயனர் படித்துக்கொண்டிருந்த நேரத்தை ஆர்டிடி என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். டேட்டா இல்லாத வெறும் ஏக்கிலும் டைம்ஸ்டாம்ப் இருக்கும். அதற்கு யாரும் ஏக் அனுப்ப மாட்டார்கள். எதிர்முனை அடுத்து எப்போது பேச வாய் திறக்கிறதோ, அப்போதுதான் அந்த டைம்ஸ்டாம்ப் திரும்பி வரும். டேட்டா சுமந்த பாக்கெட்டுகளில் தொடங்கும் அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். பாக்கெட் தொலைந்து மீண்டும் அனுப்பப்பட்ட இடத்திலும் எண் வீங்கும். டைம்ஸ்டாம்ப் இல்லாமல் ஏக் எண்ணை மட்டும் பார்த்தால், அங்கே வரும் ஏக் முதல் பிரதிக்கா, இரண்டாவது பிரதிக்கா என்று தெரியாது. அதனால்தான் டிசிபியே தன் கணக்கிலிருந்து அத்தகைய அளவுகளை விலக்குகிறது. 1987 முதல் கார்ன் முறை என்று அதற்குப் பெயர். நாமும் அதையே செய்வோம்.

அறிகுறி: சிங்கப்பூர் சர்வருக்கு 1 மில்லி விநாடி

சந்தோஷப்படாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர 1 மில்லி விநாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3200 கிலோமீட்டர். எந்த ரவுட்டரும் நடுவில் நொடி நிற்காமல் அனுப்பினாலும் 32-க்குக் கீழே வர வழியே இல்லை.

குறைவாக வந்தால் மூன்று சாத்தியம். ஒன்று, திசையை மாற்றிப் பார்க்கிறீர்கள்: வயர்ஷார்க்கின் ஆர்டிடி கிராஃப் ஒரு நேரத்தில் ஒரு திசையைத்தான் வரையும், கீழே திசை மாற்றும் பட்டன் இருக்கிறது. இரண்டு, அந்தப் பெயரின் பின்னால் இருக்கும் சர்வர் சிங்கப்பூரிலேயே இல்லை, உங்கள் ஊரில் உள்ள சிடிஎன் (உள்ளடக்கத்தின் நகலை ஊர் ஊராக வைத்துத் தரும் சேவை) பதில் சொல்கிறது. மூன்று, நடுவில் ஒரு பிராக்ஸியோ (இடைத்தரகர் சர்வர்) ஃபயர்வாலோ உங்கள் இணைப்பைத் தானே முடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் வேறொரு இணைப்பைத் திறக்கிறது. சாட்டிலைட் லைன்களில் இது வேண்டுமென்றே செய்யப்படுவது. மூன்றாவதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு: சின்-ஏக் 1 மில்லி விநாடியில் வரும், ஆனால் முதல் பதில் எப்போதும் 35-க்கு முன்னால் வராது. நீங்கள் அளந்தது பிராக்ஸி வரைக்கும்தான்.

அறிகுறி: ஆர்டிடி நெகட்டிவாக வருகிறது

ஒரே இடத்தில் எடுத்த கேப்சர் என்றால், நடுவில் கடிகாரம் பின்னோக்கித் திருத்தப்பட்டிருக்கும். கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகச் சரிசெய்யும் என்டிபி சேவை தொடங்கும்போது பெரிய குதி போடும், அப்புறம் மெல்ல மெல்லச் சரிசெய்யும். மெல்லச் செய்யும் திருத்தம் நம் கணக்கைப் பாதிக்காது. கடிகாரம் நிலைத்த பிறகு கேப்சரைத் தொடங்குங்கள். விர்ச்சுவல் மெஷினில் எடுப்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், அங்கே நேரம் பதிவாவது சிபியு முறை வரும்போதுதான்.

இரண்டு இடத்தில் எடுத்த கேப்சர்களைச் சேர்த்துப் பார்த்து நெகட்டிவ் வந்தால், இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. ஒருவழித் தாமதம் வேண்டுமானால் பிடிபி (இன்னும் துல்லியமான கடிகார ஒத்திசைவு முறை) வழியாகக் கடிகாரங்களை இழுத்துக் கட்ட வேண்டும், பெரிய வேலை. ஆனால் பெரும்பாலும் அது தேவையே இல்லை, இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது.

கட்டடத்தின் கோர் ஸ்விட்சில் ஒரு கேப்சர், வெளியே போகும் கேட்வேயில் ஒரு கேப்சர் என்று வைப்போம். ஒரே டிசிபி இணைப்பின் ஒரே பாக்கெட்டை இரண்டிலும் தேடி எடுங்கள். கோரில் அந்தப் பாக்கெட் போய் ஏக் வர 48 மில்லி விநாடி, கேட்வேயில் அதே பாக்கெட்டுக்கு 31 என்றால், கோருக்கும் கேட்வேக்கும் நடுவே போகவர 17 மில்லி விநாடி ஆகிறது. ஒவ்வொரு கழித்தலும் ஒரே கடிகாரத்துக்குள் நடக்கிறது. இரண்டு கடிகாரமும் ஒரு மணி நேரம் வித்தியாசம் காட்டினாலும் விடை மாறாது. ஒரே கட்டடத்துக்குள் 17 என்றால் நடுவில் உள்ள ஃபயர்வாலைப் போய்ப் பார்க்க வேண்டியதுதான். கேட்வேயில் நாட் இருந்தால் முகவரியும் போர்ட்டும் மாறிவிடும். அப்போது டிசிபி வரிசை எண்ணை வைத்துத் தேடுங்கள், சாதாரண நாட் அதைத் தொடாது. வயர்ஷார்க் இயல்பாகக் காட்டுவது பூஜ்யத்திலிருந்து தொடங்கும் ஒப்பீட்டு எண். செட்டிங்கில் அதை அணைத்து நிஜ எண்ணைப் பாருங்கள்.

அறிகுறி: 1500 பைட் லைனில் 64 கேபி பாக்கெட்

லைனில் அப்படி ஒன்று போகவே இல்லை. அனுப்பும்போது பெரிய துண்டாகக் கொடுத்து நெட்வொர்க் கார்டையே வெட்டச் சொல்வது டிஎஸ்ஓ. வரும்போது பல பாக்கெட்டை ஒட்டி ஒன்றாக மேலே கொடுப்பது ஜிஆர்ஓ. டிசிபிடம்ப் வெட்டுவதற்கு முன்னாலும் ஒட்டிய பின்னாலும் நின்று பார்க்கிறது. தாமதக் கணக்குக்கு இதனால் என்ன என்று கேட்டால்: 64 கேபி முழுவதும் 100 எம்பிபிஎஸ் லைனில் ஏறி முடிக்கவே 5.2 மில்லி விநாடி ஆகும். அந்தத் துண்டின் கடைசி பைட்டுக்கான ஏக்கைத்தான் கருவி பொருத்தும். ஆகவே உங்கள் ஆர்டிடியில் அந்த 5.2-உம் ஒட்டிக்கொண்டு வரும்.

மிர்ரர் போர்ட்டில் தனி மெஷின் வைத்துப் பார்த்தால், அந்த மெஷினில் ஈத்டூலின் மைனஸ் பெரிய கே கொண்டு ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் டிஎஸ்ஓவை அணைக்கும் யோசனை வேண்டாம். அளவு சுத்தமாக வரும், சிபியு எகிறும், அப்புறம் நீங்கள் அளப்பது நீங்களே உண்டாக்கிய தாமதத்தை.

அறிகுறி: வயர்ஷார்க்கில் ஒரே கறுப்பும் சிவப்பும், 'அன்சீன் செக்மென்ட்'

பாக்கெட் தொலைந்தது லைனிலா, கேப்சரிலா? இதைப் பிரிக்க ஒரு நல்ல சோதனை: தொலைந்ததாகத் தோன்றும் பைட்டுகளுக்கு எதிர்முனை ஏக் கொடுத்திருக்கிறதா? மறு அனுப்பல் எதுவும் இல்லாமல் ஏக் வந்துவிட்டது என்றால் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் கேப்சர்தான் தவறவிட்டிருக்கிறது. நிஜமாகத் தொலைந்திருந்தால் ஒரே ஏக் திரும்பத் திரும்ப வரும், பின்னால் மறு அனுப்பல் வரும்.

கேப்சர் தவறவிடும் இடங்கள் இரண்டு. 1 ஜிபிபிஎஸ் போர்ட்டின் இரண்டு திசையையும் சேர்த்தால் 2 ஜிபிபிஎஸ் வரை போகலாம். அதை 1 ஜிபிபிஎஸ் மிர்ரர் போர்ட்டில் திணித்தால் மீதி சத்தமில்லாமல் கீழே விழும். ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் டிராப் கவுன்ட்டரைப் பாருங்கள். இன்னொன்று, டிசிபிடம்ப்பை நிறுத்தும்போது கடைசியில் வரும் 'டிராப்டு பை கெர்னல்' வரி. அது பூஜ்யமாக இல்லை என்றால் மைனஸ் பெரிய பி 65536 கொடுத்து பஃபரை 64 எம்பி ஆக்குங்கள். மைனஸ் எஸ் 128-உம் உதவும்.

ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு மூன்று தடவை தெரிகிறது என்றால் 'எனி' இன்டர்ஃபேஸில் எடுத்திருக்கிறீர்கள். டாக்கர் (நிரல்களைத் தனித்தனி கன்டெய்னரில் ஓட்டும் மென்பொருள்) ஓடும் மெஷினில் ஒரே பாக்கெட் கன்டெய்னர் பக்கம், பிரிட்ஜ், வெளிக்கார்டு என்று மூன்று இடத்தில் எண்ணப்படும். ஒரு இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள்.

அறிகுறி: காலையில் 20, மதியம் 400

இதுவரை சொன்ன எதுவும் இல்லை, வெளிப்பக்க ஆர்டிடி மட்டும் லோடு ஏறும்போது கூடவே ஏறுகிறது, லோடு இறங்கினால் 20-க்கே திரும்புகிறது. இது நிஜமான தாமதம். பாதை மாறியிருந்தால் குறைந்தபட்ச ஆர்டிடியே மாறியிருக்கும். இங்கே குறைந்தபட்சம் அப்படியே இருக்க, மேல்பக்கம் மட்டும் வீங்குகிறது. அதாவது பாக்கெட்டுகள் எங்கோ வரிசையில் நிற்கின்றன. ஜிம் கெட்டிஸ் பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்த கோளாறு.

கணக்கு எளிது. மோடத்தில் 256 கேபி பஃபர் இருந்து, அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால், பஃபர் நிறைந்தால் அதைக் காலி செய்ய 0.21 விநாடி. அப்லோட் 1 எம்பிபிஎஸ் என்றால் 2 விநாடிக்கு மேல். ஒருவர் போட்டோக்களை கிளவுடில் ஏற்றத் தொடங்கினால் மொத்த ஆபீசின் ஏக்குகளும் அந்த வரிசையில் போய் நிற்கும்; டவுன்லோடும் தவழும். பிபிங்கில் இதைப் பார்ப்பது சுலபம், ஒவ்வொரு வரியிலும் அப்போதைய ஆர்டிடியும் அந்த இணைப்பின் குறைந்தபட்சமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வரிசையில் நின்ற நேரம்.

பேண்ட்விட்த் கூட்டி வாங்குவதற்கு முன், கேட்வே லினக்ஸாக இருந்தால் வெளிப்பக்கத்தில் கேக் என்ற கியூடிஸ்க் (லினக்ஸில் பாக்கெட் வரிசையை நிர்வகிக்கும் பகுதி) போட்டு, வேகத்தை லைனின் நிஜ அப்லோட் வேகத்தில் 90-லிருந்து 95 சதவீதத்துக்குக் கட்டுங்கள். வேகத்தைக் கட்டாமல் விட்டால் வரிசை மோடத்திலேயே நிற்கும், அங்கே உங்கள் கை எட்டாது. கேக், லினக்ஸ் 4.19 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. ஓப்பன்-டபிள்யூஆர்டி ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் தொகுப்பாக நிறுவிக்கொள்ளலாம். போட்ட பிறகு மறுபடியும் பிபிங்கை ஓட்டி, லோடு நேரத்தில் வித்தியாசம் குறைகிறதா என்று பாருங்கள்.

உள்பக்க ஆர்டிடி ஏறி, வெளிப்பக்கம் அப்படியே இருந்தால் வைஃபை. அது வேறு புராணம்.

அறிகுறி: எஸ்எஸ் 60 என்கிறது, அதே சர்வரில் டிசிபிடம்ப் 25 என்கிறது

இரண்டும் பொய் சொல்லவில்லை. எஸ்எஸ் மைனஸ் டிஐ காட்டும் ஆர்டிடி, சர்வரின் கெர்னல் தன் சொந்த இணைப்புகளுக்கு வைத்திருக்கும் கணக்கு. பாக்கெட் டிசிபி அடுக்கை விட்டு இறங்கும்போதே அதன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். டிசிபிடம்ப்போ, பாக்கெட் கியூடிஸ்க் வரிசையைத் தாண்டி கார்டின் டிரைவருக்குப் போகும் இடத்தில்தான் பார்க்கிறது. நடுவில் உள்ள 35 மில்லி விநாடி சர்வரின் சொந்த வரிசையில் கழிந்ததா என்று முதலில் பாருங்கள். டிசி மைனஸ் எஸ் கியூடிஸ்க் என்று அடித்து பேக்லாக் எவ்வளவு என்று கவனித்தால் தெரிந்துவிடும்.

பேக்லாக் இல்லையா? அப்படியானால் எஸ்எஸ் காட்டுவது இந்த நொடியின் எண் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். புதிய அளவுக்கு எட்டில் ஒரு பங்கு மதிப்புக் கொடுத்து மெல்ல நகரும் சராசரி அது. சற்று முன் ஏறியிருந்த தாமதத்தின் நிழல் இன்னும் அங்கே இருக்கலாம். பக்கத்திலேயே மின்ஆர்டிடி என்று ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். ஒரே சர்வரின் எல்லா இணைப்புகளையும் தொகுத்துப் பார்க்க பிசிசி (இபிபிஎஃப் கருவிகளின் தொகுப்பு) என்பதில் உள்ள டிசிபிஆர்டிடி போதும். பாக்கெட் எதையும் பிடிக்காமலேயே ஹிஸ்டோகிராம் போட்டுத் தரும்.

அறிகுறி: பாதி டிராஃபிக்குக்கு ஆர்டிடியே இல்லை

யுடிபி 443-ஐப் பாருங்கள். பிரவுசர்கள் அங்கே க்விக் (டிசிபிக்குப் பதிலாக யுடிபி மேல் ஓடும் புதிய இணைப்பு முறை) பேசிக்கொண்டிருக்கும். ஏக் எண், டைம்ஸ்டாம்ப் எல்லாம் என்கிரிப்ஷனுக்குள் போய்விட்டதால் டிசிபிக்கு எழுதிய கருவிகள் எல்லாம் இங்கே குருடு. க்விக்கை வரையறுத்தவர்கள் 2021-இல் வந்த ஆர்எஃப்சி 9000-இல் நமக்காக ஒரே ஒரு பிட்டை வெளியே விட்டு வைத்தார்கள்: ஸ்பின் பிட். ஒவ்வொரு போய்வரும் சுற்றுக்கும் அது 0, 1 என மாறும். மாறும் இடைவெளிதான் ஆர்டிடி. ஆனால் அதை இயக்குவது கட்டாயமில்லை. இயக்கினாலும் பதினாறில் ஒரு இணைப்பிலாவது அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. அணைத்திருக்கும்போது அந்த பிட் தற்போக்கான மதிப்பும் காட்டலாம், அதை நம்பிக் கணக்குப் போட்டால் விளங்காது.

நம்பத் தகுந்தது ஹேண்ட்ஷேக்தான். கிளையன்ட்டின் முதல் இனிஷியல் பாக்கெட்டும் அதற்கு சர்வர் அனுப்பும் இனிஷியலும் எவை என்று வெளியிலிருந்து அடையாளம் தெரியும். அந்த இடைவெளியில் வெளிப்பக்க ஆர்டிடியோடு சர்வரின் சிறு வேலை நேரமும் சேர்ந்திருக்கும். இணைப்புக்கு ஒரே ஒரு அளவுதான் கிடைக்கும் என்றாலும், நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஓடும் ஆபீசில் அது போதும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு டெஸ்ட் மெஷினுக்கு மட்டும் யுடிபி 443-ஐத் தடுத்து, பிரவுசர் டிசிபிக்குத் திரும்பியதும் அளந்து பாருங்கள். ஆபீஸ் முழுக்கத் தடுத்துவைக்கும் பழக்கம் வேண்டாம்; தாமதம் குறைக்க வந்த ஒன்றைத் தாமதம் அளப்பதற்காக நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸையும் விட்டுவிடாதீர்கள். யுடிபி 53-இல் கேள்வி போகும், பதில் வரும், இரண்டிலும் ஒரே ஐடி. டிஷார்க் இடைவெளியைத் தானே கணக்கிட்டுக் கொடுக்கும், ஜீக் என்ற கண்காணிப்புக் கருவி தன் டிஎன்எஸ் லாகில் ஆர்டிடி என்றே ஒரு பத்தி (நெடுவரிசை) வைத்திருக்கிறது. டிசிபி பக்கம் எல்லா எண்ணும் சுத்தமாக இருந்தும் புகார் நிற்கவில்லை என்றால், அந்தப் பத்தியில் ஒரு விநாடியைத் தாண்டும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, எந்த ரிசால்வரிடம் (டிஎன்எஸ் சர்வர்) போன கேள்விகள் அவை என்று பாருங்கள்.